கோயில் தரையின் மஞ்சள் கோடுகள்

இன்று காலை கண் கிளினிக்குக்குப் போவதற்காக யாழ்ப்பாண பஸ்ஸில் இருந்தேன். பண்ணைப் பாலத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது பஸ்ஸை மறித்துவிட்டார்கள். வீதியின் பழைய நடுக்கோட்டை அழிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருவர் புல் வெட்டும் மெஷின் அளவில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார். அது கோட்டைக் கிள்ளிக் கிள்ளித் தூசாக எறிந்தது. பின்னால் வந்தவர் விடுபட்ட துண்டுகளின்மேல் காஸ் நெருப்பைப் பிடித்தார். பெயின்ற் எரிகிற கசப்பு மணம் யன்னல்களால் உள்ளே வர, பஸ்ஸில் இருந்த எல்லோரும் சேலைத் தலைப்பாலும் லேஞ்சியாலும் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே உம்முடைய நினைவும்.

பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"என்னம்மா, சிரிக்கிறியள்?"

"கோடு அழிஞ்சிட்டுதோ எண்டு ஒருக்கா எட்டிப் பாரும்."

அவள் பார்த்தாள். மெஷின் போன இடத்தில் வெள்ளைக் கோடு இல்லைத்தான். ஆனால் அதே அகலத்தில், அதே நீளத்தில், கறுத்த தாரின் நடுவே வெளிறிய தடம் ஒன்று கிடந்தது.

"முந்தி இருந்ததைவிட இப்பதான் வடிவாத் தெரியுது," என்றாள்.

"அதுக்குத்தான் சிரிக்கிறன்," என்றேன். அவளுக்கு விளங்கியிருக்காது. உமக்கு விளங்கும். வீட்டுக்கு வந்து சேலை மாற்றிய கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீர் நாரந்தனையிலிருந்து கலியாணம் முடித்து எங்கள் கடற்கரைக் குறிச்சிக்கு வந்தபோது எனக்கும் கலியாணமாகிச் சில மாதம்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. வந்த புதிதில் ஒருவரை ஒருவர் 'நீர்' என்று கூப்பிட்டோம். பிறகு எவ்வளவு நெருங்கியும் அதை 'நீ' ஆக்க இருவருக்கும் மனம் வரவில்லை. கருவாட்டுக்கு மீன் வெட்டுகிற இடத்தில் சண்டை பிடித்தபோதும் 'நீர்' போட்டுத்தான் பிடித்தோம். இரண்டு பேரின் புருசன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம்.

எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், எல்லோரும் தரையில். நீர் எப்போதும் என் வலப்பக்கத்தில் இருப்பீர். சின்ன வயதுக் காய்ச்சலில் உம்முடைய வலது காது போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதும் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு வந்தது. அந்த இடது காதுக்குப் பக்கத்தில் என் வாய். பாதர் பிரசங்கத்தைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நீர் என் முழங்கையைத் தொடுவீர்.

"என்னவாம்?"

நான் சொல்லுவேன். பாதர் கால்மணித்தியாலம் சொன்னதை நான் நாலு வசனத்தில் சொல்லி முடிப்பேன். சிலவேளை என் கைச்சரக்கும் கொஞ்சம் சேரும். மன்னிப்பைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் நடந்த அன்று, "மாமியை மன்னிக்கட்டாம்," என்று சொன்னேன்.

"அப்பிடியோ சொன்னவர்?"

"பேர் சொல்லேல்லை."

நீர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டீர். பின்னால் இருந்தவர்கள் உமக்கு எவ்வளவு பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

உமக்குக் கேட்காது என்பது உம்முடைய வீட்டாரையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பாராமல் போகிறவள், எடுப்புப் பிடித்தவள் என்றுதான் ஊர் சொன்னது. நீரும் அதை அப்படியே விட்டுவிட்டீர். எங்கள் குறிச்சியில் ஒரு பேர் விழுந்தால் விழுந்ததுதான். எப்போதோ ஒருநாள் கிணற்றுக்குள் விழுந்த ஒருவருடைய பேரப்பிள்ளையை இன்றைக்கும் 'கிணத்தாற்றை பேரன்' என்றுதான் சொல்கிறார்கள். "எடுப்புக்காரி எண்டு சொல்லட்டும். செவிடி எண்டு என்ர பிள்ளையளுக்கும் சேத்து ஒரு பேர் வேண்டாம்," என்று நீர் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னீர். அதற்குப் பிறகு நானும் வாயைத் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எடுத்த காதுக் கருவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர். அதைப் போட்டால் தலைக்குள் ஆரோ கடலைக் கலக்கிற மாதிரி இருக்குது என்றீர்.

பிறகு கொரோனா வந்தது. கோயில் பூட்டிக் கிடந்து, திரும்பத் திறந்தபோது, ஒரு வீட்டார் மற்ற வீட்டாரோடு முட்டாமல் இருக்கவேண்டும் என்று உத்தரவு. கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் இளம் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு தரையில் வீட்டுக்கு ஒரு கட்டம் கீறினார். சோக்கட்டியால் கீறியிருக்கலாம். சுண்ணாம்பால் கீறியிருந்தாலும் மழைக்காலத்தோடு போயிருக்கும். ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பெயின்ற் என்றால் ஒரே ஒரு பெயின்ற்தான். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளைக் கொண்டுவந்தார்கள். அதுவும் சும்மா அடிக்கவில்லை. முதலில் தரையை உப்புத்தாளால் உரஞ்சி, தின்னரால் துடைத்து, காயவிட்டு, இரண்டு பூச்சுப் பூசினார்கள். வள்ளத்தைக் கடலில் இறக்குகிற கவனத்தோடு கோயில் தரைக்குக் கோடு போட்டவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். "கடலுக்கே நிக்கிற பெயின்ற்," என்று ஒரு பொடியன் பெருமையாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தச் சிவப்புச் சீமெந்துத் தரையில் புதுமஞ்சள் பார்க்க நல்ல வடிவாகவும் இருந்தது.

உம்முடைய வீட்டுக் கட்டம் முன்னால், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில். எங்களுடையது பின்வாசலடியில், ஏனென்றால் கட்டம் பிரித்த அன்றைக்கும் என் மனிசன் பிந்தித்தான் வந்தார். நடுவில் ஊரே இருந்தது. உம்முடைய மனிசன் உமக்குப் பக்கத்தில் இருந்தார்தான், ஆனால் பிரசங்கம் தொடங்கினால் அவருக்கு நித்திரை வந்துவிடும். முதல் ஞாயிறு நீர் திரும்பி என்னைப் பார்த்தீர். நான் கையால் ஏதோ காட்டினேன். பாதர் எங்களைப் பார்த்தார். அதோடு கைப்பாஷையும் நின்றது.

கட்டங்களால் ஒரு புதினமும் நடந்தது. எங்கள் ஊரில் புருசனும் பெண்சாதியும் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அதுதான் முதல்தடவை. ஆண்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். பெண்களுக்கு வலு சந்தோசம். இத்தனை காலமும் அந்தப் பக்கத்தில் சாய்ந்து நித்திரை கொண்ட மனிசன் இப்போது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறார், கிள்ளலாம். நானும் கிள்ளினேன், பொய் சொல்லமாட்டேன். அதனால்தான் கட்டுப்பாடெல்லாம் எடுபட்ட பிறகும் கட்டங்கள் எடுபடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அது உரிமைக் காணி மாதிரி ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தெரியாமல் ஒரு கட்டத்துக்குள் இருந்துவிட, அந்த வீட்டார் பூசை முடியும்வரை அவரைச் சுற்றி நின்றார்கள்.

நான் ஒருநாள் துணிந்து உம்முடைய கட்டத்துக்குள் வந்து இருந்தேன். பாதர் பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னமே மூப்பர் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, உங்கட கட்டம் பின்னால."

"இண்டைக்கு மட்டும் இஞ்ச இருக்கிறன், மூப்பர்."

"இண்டைக்கு நீங்கள், நாளைக்கு மற்றவை. பிறகு ஒழுங்கு எண்டு ஒண்டு இராது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஏன் இங்கே இருக்கவேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது, ஆனால் அது சொல்லக்கூடாத காரணம். எழும்பிப் போனேன்.

அதற்குப் பிறகு பிரசங்கத்தை வேலியடியில் வைத்து உமக்குச் சொல்லிப் பார்த்தேன். பூசை முடிந்து, சோறு காய்ச்சி, மீன் ஆய்ந்து, கறிக்குக் கூட்டிவைத்துவிட்டு வந்து சொல்லும்போது எனக்கே பாதி மறந்துவிடும். நீர் கேட்டுக்கொண்டு நின்றீர், ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. "ஆறின மீன்குழம்பு நல்லாயிருக்கும். ஆறின பிரசங்கம் வாயில வைக்க ஏலாது," என்றீர். அடுத்த ஞாயிறு நீர் வரவில்லை. தலையிடி என்றீர். அதற்கடுத்த ஞாயிறு கால் நோ. பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டீர்.

ஒருநாள் உம்முடைய குசினிக்குள் வந்து கேட்டேன், இது என்ன புதுப்பழக்கம் என்று. நீர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தீர். நிமிராமலே சொன்னீர்: "அங்க போய்ச் சுவரைப் பாத்துக்கொண்டிருக்கிறதுக்கு இஞ்ச இருந்து சுவரைப் பாக்கலாம். எல்லாரும் சிரிக்கேக்க நானும் பிந்திச் சிரிக்கிறன். எனக்கே வெக்கமாக் கிடக்கு." பிறந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாத மனிசி நீர். ஒரு டின் மஞ்சள் பெயின்ற் உம்மைக் கோயிலால் வெளியே போட்டுவிட்டது. அன்றைக்கே முடிவெடுத்தேன், அந்தக் கோடு போகவேண்டும் என்று.

புதிதாக வந்திருந்த பாதரிடம் போய், திருவிழாவுக்கு வெளியூர்ச் சனம் வரப்போகுது, கோயில் தரை விளையாட்டுத்திடல் மாதிரிக் கிடக்குது என்று சொன்னேன். உம்முடைய பேரை எடுக்கவில்லை. பாதருக்கும் அந்தக் கட்டங்கள் பிடித்திருக்கவில்லைப் போலும். அடுத்த ஞாயிறே அறிவித்தார்: திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் கட்டத்தைத் தாங்களே அழித்துவிடவேண்டும்.

அங்கேதான் காரியம் பிழையாய்ப் போனது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு புத்தி.

என் மனிசன் தின்னரும் பழந்துணியும் கொண்டுபோனார். கோடு கரைந்தது, ஆனால் போகவில்லை. துணி போன பக்கமெல்லாம் மஞ்சளும் போய், நாலு விரல் அகலக் கோடு இரண்டு முழ அகலத்துக்குப் பரந்தது. உம்முடைய மனிசன் வள்ளத்து அடியில் பிடிக்கிற சிப்பியைச் சுரண்டுகிற தகட்டைக் கொண்டுவந்தார். பெயின்ற் வந்தது, கூடவே தரையின் சிவப்புத் தோலும் வந்தது. மஞ்சள் கட்டம் வெள்ளைக் கட்டமாயிற்று. மூப்பர் வீட்டில் கோஸ்ரிக் சோடாவைக் கரைத்து ஊற்றினார்கள். அந்த இடம் கத்தரிப்பூ நிறத்துக்கு வெளிறியது. ஒருவர் தகரம் ஒட்டுகிற விளக்கின் நெருப்பைப் பிடிக்க, பெயின்ற் கொப்புளித்து எழும்பியது. கோயில் முழுக்க இன்று காலை பஸ்ஸுக்குள் வந்த அதே மணம். எல்லோரும் கைதட்டப்போன நேரம் சீமெந்து சூடேறிப் படீர் படீர் என்று வெடித்துத் துண்டு துண்டாகத் தெறித்தது. அவருடைய மகன் ஊர்காவற்றுறையிலிருந்து கிரைண்டர் ஒன்றை இரவல் வாங்கிவந்தான். மாதாவின் நீல உடுப்பு தூசியில் சாம்பல் நிறமானது. கோடு இருந்த இடத்தில் கை வைத்தால் பள்ளம் தெரிந்தது.

பள்ளிக்கூட ரீச்சர் வீட்டுக்காரர்தான் விசயம் தெரிந்து செய்தார்கள் என்று நினைத்தோம். பெயின்ற் கழற்றுகிற ஒரு களியை யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கிவந்து பூசிவிட்டுக் காத்திருந்தார்கள். பெயின்ற் பாலாடை மாதிரிச் சுருங்கி, அப்படியே வழித்தெடுக்க வந்தது. கீழே தரைக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த இடம் மட்டும் தரை போட்ட நாளில் இருந்ததுபோலப் பளபளவென்று சிவந்திருந்தது. சுற்றிவரப் பல வருட மெழுகும் ஊத்தையும். கோடு போன இடத்தில் துப்புரவே கோடாக நின்றது. கடைசியாக ஒரு வீட்டார் ஒன்றும் அழிக்காமல் மேலே சிவப்புப் பெயின்ற் அடித்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றிலும் அதுதான் திறம் என்று ஒரு கிழமை சொன்னோம். முழந்தாளிட்ட இடங்களில் சிவப்புத் தேய, மஞ்சள் மெல்ல எட்டிப் பார்த்தது.

திருவிழாவுக்கு முதல்நாள் பாதர் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். முன்பு எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி இருந்தன. இப்போது ஒவ்வொன்றும் வேறு. யாரும் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் காலால் தடவித் தங்கள் கட்டத்தைக் கண்டுபிடிக்கலாம்.

"நான் அழிக்கச் சொன்னனான்," என்றார் பாதர். "செதுக்கச் சொல்லேல்லை."

நான் வீட்டுக்கு வந்து உமக்கு இதையெல்லாம் நடித்துக் காட்டினேன். படீர் படீர் என்றதற்குக் கையைத் தட்டினேன். நீர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப கட்டம் இருக்குது," என்றீர். ஓம், இருந்தது. எல்லோரும் அவரவர் வடுவுக்குள் போய் இருந்தார்கள். திருவிழாப் பூசைக்கும் நீர் வரவில்லை.

திருவிழா முடிந்த பிறகு பாதர் யாழ்ப்பாணத்திலிருந்து மண்டபங்களுக்குத் தரை தேய்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் சொன்னது ஒரே ஒரு வழி: கோட்டைத் தேய்க்காமல் தரையை முழுக்க ஒரு மட்டமாகத் தேய்ப்பது. பெரிய மெஷின், தண்ணீர் விட்டுத் தேய்க்கும். ஆனால் சிவப்பு மேற்பூச்சு முழுக்கப் போய்விடும். கீழே என்ன இருக்குமோ அதுதான் இனித் தரை. இதைப் பேசுவதற்குத்தான் ஒரு மாலையில் கோயில் முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள். பூசை இல்லைத்தானே, வந்து கதிரையில் இரும் என்று உம்மை இழுத்துக்கொண்டு போனேன். உம்முடைய இடது காதுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஊருக்கு மனம் இல்லை. அந்தச் சிவப்பு எங்கள் மாமன்மார் காலத்தில் போட்டது. மூப்பருடைய தகப்பனார் முழந்தாளில் நின்று மட்டப்பலகை பிடித்து இழைத்த தரை. மூப்பர் எழும்பி நின்றார். "அப்பற்றை கை பட்ட தரை. நான் உயிரோட இருக்குமட்டும் அதைத் தேய்க்க விட ஏலாது. கட்டம் இருந்தால் இருக்கட்டும், அது ஆருக்கு என்ன செய்யுது?"

நீர் என் முழங்கையைத் தொட்டீர். "என்னவாம்?"

"சிவப்புப் போயிடுமாம். மூப்பர் விடமாட்டாராம். கட்டம் ஆருக்கு என்ன செய்யுது எண்டு கேக்கிறார்."

உம்மைப் பிடித்திருந்த என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு எழும்பினீர். இவ என்ன செய்யப்போறா என்று எனக்குப் படபடத்தது. உமக்கு உம்முடைய குரலின் அளவு தெரியாது. கடற்கரையில் வலையைச் சீராக்கிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்களாம்.

"பாதர், எனக்குக் காது கேக்காது. ஒண்டு சின்னனிலயே போட்டுது. மற்றதும் போய்க்கொண்டிருக்கு. இவ்வளவு காலமும் பிரசங்கத்தை இவதான் எனக்குச் சொல்லுறவ. கட்டம் கீறின நாளில இருந்து நான் ஒரு வசனமும் கேக்கேல்லை. அதுதான் கோயிலுக்கு வாறேல்லை. நிறம் போனால் போகட்டும். எனக்கு இவவின்ர வாய் பக்கத்தில வேணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததை, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, என் பக்கத்தில் இருப்பதற்காக நீர் திறந்து வைத்துவிட்டீர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. என்னை யாரும் அப்படிக் கேட்டு வாங்கியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட.

மூப்பர் உம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தினை வருசம் எங்களோட இருக்கிறியள். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே, தங்கச்சி," என்றார்.

நான் அதை உம்முடைய காதில் சொன்னேன்.

"சொல்லியிருந்தால் பேர் வைச்சிருப்பியள்," என்றீர்.

முதலில் சிரித்தது கிணத்தாற்றை பேரன்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மூப்பரும். அவர் திரும்பக் கதிரையில் இருந்துகொண்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேயுங்கோ, பாதர்," என்றார்.

மெஷின் வந்தது. அது தேய்க்கத் தேய்க்கச் சிவப்புச் சேறு வாசல்படியால் வழிந்து மணலுக்குள் இறங்கியது. நாங்கள் பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்தோம். மஞ்சளும் வெள்ளையும் கத்தரிப்பூவும் பள்ளமும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்தன. கடைசித் தண்ணீரைத் தள்ளித் துடைத்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சாம்பல் நிறத் தரை. அதில் எங்கே பார்த்தாலும் சிப்பி. சின்னச் சுருட்டைச் சங்குகள் குறுக்காக அறுபட்டு, உள்ளே இருக்கும் சுருள் தெரியக் கிடந்தன. ஆற்றுமணலுக்குப் போகாமல் அந்தக் காலத்து ஆட்கள் கடற்கரை மணலை அள்ளிச் சீமெந்தோடு குழைத்திருக்கிறார்கள். மூப்பர் முழந்தாளிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார். "அப்பர் ஒருத்தருக்கும் சொல்லாமல் எங்கட கரையைக் கொண்டுவந்து உள்ளுக்குப் போட்டிருக்கிறார்," என்றார். அவர் முகத்தில் கவலை இல்லை. அந்தத் தகப்பனுக்கும் உமக்கும் அந்த ஒரு விசயத்தில் நல்ல பொருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன், உமக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஒருவருக்கும் எங்கே இருப்பது என்று தெரியவில்லை. ஆட்கள் வாசலில் குவிந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கோடும் இல்லை, வடுவும் இல்லை. பழைய ஆண் பக்கம் பெண் பக்கமும் மறந்து போயிருந்தது. நீர்தான் முதலில் உள்ளே போனீர். நேரே நடுவுக்கு நடந்து, பாயை விரித்து, இருந்து, இடப்பக்கத்துத் தரையைக் கையால் தட்டினீர். நான் வந்து இருந்தேன். பிறகு சனம் வந்து எங்களைச் சுற்றி இருந்தது. சில பெண்கள் மனிசன்மாரை விடவில்லை, சில ஆண்கள் சுவரோரம் தப்பிப் போனார்கள். பாதர் பிரசங்கத்தைத் தொடங்கியவுடனேயே உம்முடைய கை வந்துவிட்டது, இனி ஒளிக்க ஒன்றும் இல்லைத்தானே. நான் சொன்னேன். நீர் எல்லோரோடும் சேர்ந்து, பிந்தாமல் சிரித்தீர்.

நீர் பயந்த பேர் உமக்கு வரவில்லை. அது எனக்கு வந்தது. ஊர் என்னை 'றேடியோ' என்று கூப்பிடத் தொடங்கியது. என் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் றேடியோவின்ர பேத்தி என்கிறார்களாம். நீர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்புக்கு, பேர் போனால் போகட்டும் என்று விட்டேன். அப்படி எங்களுக்கு நல்ல கொஞ்ச வருடங்கள் கிடைத்தன. உம்முடைய வயிற்றுக்குள் அந்த நோய் வந்த பிறகும், நடக்க முடிந்த ஞாயிறெல்லாம் நடந்து வந்தீர். நடக்க ஏலாமல் போன பிறகு ஓட்டோவில் வந்தீர். கடைசிக் காலத்தில் நான் காதோடு வாயை ஒட்டிச் சொன்னாலும் கேட்டதோ தெரியாது. மூச்சுப் படுகிறது, அது போதும் என்றீர்.

உம்மைக் கொண்டுவந்து கோயில் நடுவில் வைத்த அன்று பின்னேரம், வெயில் யன்னலால் விழுந்து தரைச் சிப்பியெல்லாம் மினுங்கியது. உம்முடைய மகள்மார் கால்மாட்டில் இருந்தார்கள். நான் என் இடத்துக்குப் போனேன், உம்முடைய இடப்பக்கம். பாதர் பேசத் தொடங்கினார். நான் குனிந்து, பெட்டிக்குள் உம்முடைய காதடியில், அவர் சொல்லச் சொல்லச் சொன்னேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. மூப்பர் எனக்கு இடம் காணட்டும் என்று பூச்சாடியை எடுத்துத் தள்ளி வைத்தார். பாதர் உம்மைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார். பொறுமைசாலி என்றார், அதிகம் பேசாதவர் என்றார். நான் உமக்கு அதை அப்படியே சொல்லவில்லை. முற்றத்தில் எழும்பி நின்றதைச் சொன்னேன், பாதர் மறந்துபோன இன்னும் சிலதையும் சொன்னேன்.

நீர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கண்ணில் கொஞ்சம் பூப் படர்ந்திருக்கிறதாம், வெட்டலாம் என்று இன்று டொக்டர் சொன்னார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். முன்பெல்லாம் நாலு வசனத்துக்கு ஆனதை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவேன். இப்போது தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்கிறேன். பாதர் எங்கே இருமினார், எந்த இடத்தில் பொடியன்கள் சிரித்தார்கள், எந்தக் கதையை இரண்டாந்தரம் சொன்னார் என்பதுவரைக்கும் தெரியும். ஒரு ஞாயிறும் விடவில்லை. உமக்குச் சொல்வதற்கு எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறேன்.